சுகர் எல்லாம் இல்லை என்று போடு

(திருச்சி தில்லைநகரில் ஒரு வீடு. நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். கோமதி கணினியில் பயணக் காப்பீட்டுப் படிவத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். சுந்தரம் ஈசிச்சேரில்.)

கோமதி: வயது 67, போட்டாச்சு. அடுத்தது, ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா என்று கேட்கிறான்.

சுந்தரம்: இல்லை என்று போடு.

கோமதி: எது இல்லை?

சுந்தரம்: எதுவுமே இல்லை.

கோமதி: அப்படியா! நாளைக்கு ரேஷன் அரிசியை நீங்களே தூக்கி வந்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரையும் நீங்களே உருட்டலாம். 2017-லிருந்து ‘இதயத்தில் ஸ்டென்ட் வைத்த உடம்பு’ என்று சொல்லி என்னைத்தானே உருட்டவிட்டீர்கள்?

சுந்தரம்: அது வீட்டு விஷயம். இங்கே ஒவ்வொரு டிக்குக்கும் ஆட்டோ மீட்டர் மாதிரி பணம் ஏறும். வேண்டுமானால் சுகரை அடித்துப் பார்.

கோமதி: (அடிக்கிறார்) ஆமாம், ஏறுகிறது.

சுந்தரம்: எடு, எடு, உடனே எடு!

கோமதி: காலையில் ஒரு மெட்ஃபார்மின், ராத்திரி ஒரு மெட்ஃபார்மின். ஆறு மாதத்துக்கு 360 எண்ணி டப்பாவில் போட்டது நான்.

சுந்தரம்: சுகர் இருந்தது. இப்போது கன்ட்ரோலில் இருக்கிறது. மூன்று மாதச் சராசரி 6.8. டாக்டரே பாராட்டினார்.

கோமதி: மாத்திரையைப் பாராட்டியிருப்பார். பிரஷர்?

சுந்தரம்: அது நோயே இல்லை, குணம். எங்கள் அப்பாவுக்கும் இருந்தது.

கோமதி: ஸ்டென்ட்டும் குணமா?

சுந்தரம்: அடைப்பு இருந்தது, சரிசெய்தாச்சு. பழுது பார்த்த வண்டியைப் போய் யாராவது பழுது என்பார்களா?

கோமதி: போன வருடம் பழைய ஸ்கூட்டர் வாங்கிவிட்டு, இன்ஜின் பிரித்ததை மறைத்துவிட்டான் என்று அந்த மெக்கானிக்கோடு தெருவில் நின்று கத்தியது யார்?

சுந்தரம்: (சற்று யோசித்து) அவன் மோசடிக்காரன். அதை விடு. அமெரிக்காவில் என் சுகர் யாருக்குத் தெரியப் போகிறது?

கோமதி: நீங்களே சொல்வீர்கள். போன வாரம் கொரியர் கொண்டுவந்த பையனை நிறுத்திவைத்து ஆஞ்சியோ கதையை நாற்பது நிமிடம் சொன்னீர்கள். அந்த ஊர் டாக்டர் எடுத்த எடுப்பிலேயே ‘வேறு என்ன தொந்தரவு, என்ன மாத்திரை’ என்று கேட்பார். விடுவீர்களா? நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். அந்தக் காகிதம்தான் கிளைமுக்குப் போகும். காப்பீட்டுக்காரன் ‘மறைத்துவிட்டார்’ என்று ஒரே வரி எழுதிக் கையை விரித்துவிடுவான்.

சுந்தரம்: சொன்னால் மட்டும் எல்லாம் கொடுத்துவிடுவானா?

கோமதி: மாட்டான். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பழைய நோய் என்றால் உயிருக்கு ஆபத்து வந்தால்தான், அதுவும் ஒரு வரம்புக்குள்தான். சும்மா செக்கப்புக்கெல்லாம் கிடையாது.

சுந்தரம்: சாகக் கிடந்தால்தான் காசு! அதற்கு நான் எதற்கு என் வாயால் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும்?

கோமதி: சரி, சொல்ல வேண்டாம். அங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆயிரக்கணக்கான டாலர் பில் வரும். மாப்பிள்ளை கட்டட்டும்.

(அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும்.)

சுந்தரம்: மாப்பிள்ளையா?

கோமதி: அவருடைய அம்மாவுக்கும் விஷயம் போகும்.

சுந்தரம்: (நிமிர்ந்து உட்கார்ந்து) எழுது. சுகர், பதினான்கு வருடம். பிரஷர், அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே. கொலஸ்ட்ரால். ஸ்டென்ட் ஒன்று. ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடந்தது தெரியுமா, டாக்டர் என்னைப் பார்த்து...

கோமதி: தேதி மட்டும் போதும்.

சுந்தரம்: 1987-ல் மஞ்சள் காமாலை. கீழாநெல்லியில் சரியாயிற்று, அதையும் போடு. குதிகால் வலி, வாயு...

கோமதி: வாயுவுக்குக் கட்டம் இல்லை.

சுந்தரம்: தனித் தாளில் எழுதி இணைக்க முடியுமா பார்.

(வாசலில் மணி அடிக்கிறது. ‘அம்மா, சிலிண்டர்!’)

கோமதி: போங்கள், உள்ளே உருட்டிவிடுங்கள்.

சுந்தரம்: (சாய்ந்துகொண்டு) இப்போதுதானே எல்லாவற்றையும் உன் கையாலேயே எழுதினாய்? ஒரு பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போ.