‘எக்ஸ் பார்ட்டி’ என்ற சொல்லால் எட்டு மாதம் இழந்தவர்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் முன்சீப் நீதிமன்றத் தீர்ப்பின் நகலும், அமீனா கொடுத்துவிட்டுப் போன நிறைவேற்று மனு (தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் மனு) அறிவிப்பும், அவர் தம் கைப்பட எழுதி மனுநீதி நாளில் கொடுத்த மூன்று மனுக்களின் நகல்களும் இருந்தன. மூன்று மனுக்களிலும் ஒரே குற்றச்சாட்டுதான்: நீதிபதி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு எழுதிவிட்டார், அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். “நான் சொல்லல தம்பி, ஒருதலைப்பட்சம்னு அவங்களே தீர்ப்புல எழுதியிருக்காங்க, பாருங்க” என்று நகலின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். அந்தச் சொல்லுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார்.

அவருக்கு அந்தச் சொல்லை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேர விளக்கம் எட்டு மாதங்களுக்கு முன்பே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

தீர்ப்பில் இருந்த ‘ஒருதலைப்பட்சம்’, ‘எக்ஸ் பார்ட்டி’ என்பதன் தமிழாக்கம். ‘எக்ஸ் பார்ட்டி’ என்பது இலத்தீன். ‘எக்ஸ்’ என்றால் ‘இருந்து’. அடுத்த சொல்லுக்குப் ‘பக்கம்’, ‘தரப்பு’ என்று பொருள். ஒரு தரப்பிலிருந்து மட்டும் கேட்டு முடிக்கப்பட்ட வழக்கு என்பதற்கு மேல் அதில் வேறு எதுவும் இல்லை. சம்மன் சார்பு செய்யப்பட்ட (அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) பிறகும் பிரதிவாதி வரவில்லை, அவர் சார்பில் வழக்கறிஞரும் வரவில்லை என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9 விதி 6-இன்படி நீதிமன்றம் வந்திருக்கும் வாதியை மட்டும் விசாரித்துத் தீர்ப்பு வழங்கலாம். நீதிபதி யார் பக்கமும் சாயவில்லை. ஒரு பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் தமிழில் ‘ஒருதலைப்பட்சம்’ என்ற சொல் பாரபட்சம் என்ற பொருளில் மட்டுமே வழங்குகிறது. பஞ்சாயத்தில் ஒருதலைப்பட்சமாகப் பேசினார் என்றால் அது வசவு. அதே சொல்லைத் தீர்ப்பில் எழுதினால், படிப்பவர் நீதிபதியின் நேர்மையைத்தான் சந்தேகிப்பார்.

அந்தச் சந்தேகத்துக்குப் பெரியவர் கொடுத்த விலை அதிகம். அவர்மீது இருந்தது ஒரு புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) வழக்கு. அவர் அமர்த்தியிருந்த வழக்கறிஞர் வாய்தாவுக்குப் போகவில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை. எதிர்த்தரப்பு வராமல் அளிக்கப்பட்ட தீர்ப்பை ரத்து செய்யக் கோரிக் கட்டளை 9 விதி 13-இன்கீழ் அதே நீதிமன்றத்தில் மனு செய்யலாம். வராததற்குப் போதிய காரணம் காட்ட வேண்டும். அதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகவில்லை என்றால் மட்டும் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அந்த முப்பது நாளில் நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டியவர், நீதிபதியைக் கண்டிக்கச் சொல்லி எட்டு மாதம் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். பிறகு காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் அவர் சொல்ல முடிந்த காரணம், ஒரு சொல்லை நேர்மையாகப் படித்து அதன் நேர்ப்பொருளை நம்பினேன் என்பதுதான். அதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது எத்தனை சிரமம் என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு சொல், ‘இன் கேமரா’. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் கண்ணியத்தைக் காக்க, பொதுமக்களை வெளியேற்றிவிட்டு மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இலத்தீனில் ‘கேமரா’ என்றால் அறை. படம் பிடிக்கும் கருவிக்கு ‘இருட்டறை’ என்ற பொருளில் வைத்த பெயரின் பாதிதான் இன்று நம் கையில் இருக்கும் கேமரா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகளின் சாட்சியத்துக்கு முந்தைய நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், நாளைக்குப் பாப்பா சொல்றத எல்லாம் கேமரா வெச்சு எடுப்பாங்களாமே, அது வெளிய வந்துடாதா?” என்று கேட்டு அழுதார். அந்தப் பெண்ணைப் பாதுகாக்கச் செய்த ஏற்பாடு, சொல்லின் மயக்கத்தால் அவர்களை ஓர் இரவு முழுவதும் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது. ‘மூடிய அறை விசாரணை’ என்று மூன்றே சொல்லில் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

‘கேவியட்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ் பார்ட்டி என்ற நோய்க்கு ஒரு பகுதி மருந்து அதில் இருக்கிறது. அந்த இலத்தீன் வினைச்சொல்லுக்கு ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று பொருள். “கேவியட் போட்டாச்சு, இனி அவன் ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஊரில் சொல்வது தவறு. அது தடையாணை அல்ல. நடைமுறைச் சட்டத்தின் 148-அ பிரிவு சொல்வது, எனக்குத் தெரிவிக்காமல், என்னைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே பதிந்துவைக்கும் ஏற்பாட்டைத்தான். அதன் ஆயுள் 90 நாள். அதற்குள் வழக்கு வரவில்லை என்றால் புதிதாகப் போட வேண்டும். பலர் ஒருமுறை போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

தமிழாக்கமே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தமிழாக்கம் மூலத்தையே விஞ்சும் என்பதற்கு ‘ஆட்கொணர்வு மனு’ ஒன்றே போதும். ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்பதன் நேர்ப்பொருளில் ‘உடல்’ என்ற சொல்தான் இருக்கிறது. தமிழாக்கியவர் உடல் என்று எழுதாமல் ‘ஆள்’ என்று எழுதினார். உயிரோடு இருக்கும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்பதுதான் அந்த மனுவின் உயிர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், அந்த உரிமையைக்கூட யாரும் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். நெருக்கடிநிலை முடிந்ததும் 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஈச்சர வாரியர் தம் மகன் ராஜனைக் கொண்டுவந்து நிறுத்தும்படி ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ் பிடித்துச் சென்று காவலில் இறந்துபோன கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவரான ராஜனை அரசால் கடைசிவரை நிறுத்த முடியவில்லை. முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஆள், உடல் என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் அந்த வழக்கில் தெரிகிறது.

இலத்தீன் சொற்கள் இல்லாமல் சட்டத்தின் துல்லியம் போய்விடும் என்று என் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். வழக்கறிஞரும் நீதிபதியும் தமக்குள் ‘ரெஸ் ஜுடிகேட்டா’ (ஏற்கெனவே தீர்ப்பான விஷயத்தை மறுபடி வழக்காட முடியாது என்ற கோட்பாடு) என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு கோட்பாட்டின் முழு வரலாறும் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது. ஆனால் இந்தச் சொற்களை நமக்குக் கொடுத்த இங்கிலாந்தே 1999-இல் புதிய உரிமையியல் நடைமுறை விதிகளைக் கொண்டுவந்தபோது அவற்றில் பலவற்றைக் கைவிட்டது. எக்ஸ் பார்ட்டி மனு அங்கே ‘அறிவிப்பின்றிச் செய்யும் மனு’ ஆனது. இன் கேமரா ‘தனிமையில்’ ஆனது. பின்னர் ‘சர்ஷியோராரி’ (உத்தரவை ரத்து செய்யும் ஆணை), ‘மேண்டமஸ்’ (கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை) ஆகியவற்றின் இடத்திலும் நேரான ஆங்கிலப் பெயர்கள் வந்தன. அங்கே நீதி ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாம் மட்டும் அவற்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறோம். கழற்றும் இடங்களிலோ, ‘ஒருதலைப்பட்சம்’ போன்ற தவறான சொல்லை மாட்டிவிடுகிறோம்.

நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, வழக்காடும் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டவர். அந்த மரபில் வந்த நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’ என்பதை எடுத்துவிட்டு ‘எதிர்த்தரப்பு வராத நிலையில் அளித்த தீர்ப்பு’ என்று எழுதலாம். சொல் நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க முடியாது. அத்தீர்ப்பாணையின் நகல் ஒவ்வொன்றிலும், கடைசிக் கையெழுத்துக்குக் கீழே, ‘இதனை ரத்து செய்யக் கோர விரும்பினால் 30 நாளுக்குள் இதே நீதிமன்றத்தில் மனு செய்க’ என்று ஒரு வரி அச்சிடப்பட வேண்டும். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் வழியாக இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விரும்பும் வழக்கறிஞர் நண்பர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.