"ரெண்டையும் சொல்லிக்கொடுங்க, பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும்"

பரிணாமம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அதோடு 'யாரோ படைத்தார்கள்' என்பதையும் சேர்த்துப் பள்ளியில் நடத்தச் சொல்லி யாராவது ஒருவர் வந்து இந்த வரியைப் போட்டுவிட்டுப் போகிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதில்தான் வம்பே. அமெரிக்காவில் ஒரு பள்ளி நிர்வாகம் இதை நிஜமாகவே செய்து பார்த்து, கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, 139 பக்கத்துக்குத் தீர்ப்பு வாங்கியது. 20 வருஷம் ஆகிவிட்டது. இந்த வரியைப் போடுகிறவர்களில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

பென்சில்வேனியாவில் டோவர் என்று ஒரு ஊர். 2004 அக்டோபரில் அங்கே பள்ளி வாரியம் தீர்மானம் போட்டது. அதன்படி, ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடத்துக்கு முன்னால் ஒரு அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். டார்வின் சொன்னது ஒரு கோட்பாடுதான், அதில் ஓட்டைகள் இருக்கின்றன, 'இன்டெலிஜென்ட் டிசைன்' (உயிர்களை ஏதோ ஒரு அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்பது) என்று வேறொரு விளக்கம் உண்டு, அதற்கான புத்தகமும் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்பதுதான் சாரம். பயாலஜி ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள் (ஒரு பெரிய சபாஷ் அவர்களுக்கு). 2005 ஜனவரியில் நிர்வாகத்தினரே வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி மாணவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, ஆசிரியர்கள் விவாதிக்கவும் கூடாது. பிள்ளைகள் சுயமாகச் சிந்திக்கட்டும் என்று ஆரம்பித்தவர்கள் செய்த வேலை இது!

பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி ஜான் ஜோன்ஸ் ரிபப்ளிகன் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர், அதனால் 'இடதுசாரி நீதிபதி' என்று தள்ளிவிடவும் வழியில்லை. விசாரணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அறிக்கை பார்க்கச் சொன்ன அந்தப் புத்தகத்தின் கதை. 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்று பெயர். அதன் பழைய கைப்பிரதிகளையெல்லாம் வரவழைத்து வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். படைப்புவாதத்தை, அதாவது உயிர்களைக் கடவுள்தான் படைத்தார் என்பதை, பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1987-ல். அதற்கு முந்தைய பிரதியில் படைப்புவாதம் என்று இருந்த இடத்திலெல்லாம் பிந்தைய பிரதியில் டிசைன் வந்து உட்கார்ந்திருக்கிறது, வாக்கியம் மட்டும் அப்படியே. ஒரு இடத்தில் பழைய சொல்லைச் சரியாக அழிக்காமல் மேலேயே புதிதைத் தட்டிவிட்டார்கள் போல, 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்பதன் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டிருக்க நடுவில் 'டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்' மாட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் மைக்கேல் பீஹி. லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர், பள்ளி வாரியத் தரப்பின் நட்சத்திர சாட்சி. நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்பதற்கு அறிவியலில் பதிலே இல்லை என்று எழுதியிருந்தவர். பெற்றோர் தரப்பு வக்கீல் அதே விஷயம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் கூடவே புத்தகங்களையும் அவர் முன்னால் அடுக்கினார். அவர் அசரவில்லை, இதெல்லாம் போதாது என்றார். கோட்பாடு என்பதற்கு நீங்கள் கொடுக்கும் விளக்கத்தை வைத்துப் பார்த்தால் ஜோசியமும் கோட்பாடுதானே என்று கேட்டதற்கு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். ஜோசியத்தையும் பாடத்தில் வைக்கலாம் என்று சொல்ல நம்மூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.

2005 டிசம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது: இது அறிவியல் இல்லை, மதம்தான், அரசுப் பள்ளி வகுப்பில் இதற்கு இடமில்லை. அதற்கு முன்பே, நவம்பரில் நடந்த வாரியத் தேர்தலில், தீர்மானத்தை ஆதரித்து மறுபடி நின்ற எட்டுப் பேரையும் ஊர் மக்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்குச் செலவுக்காக 10 லட்சம் டாலர் பள்ளியின் தலையில் விழுந்தது.

சரி, புதுக் கருத்துக்கு அறிவியலில் இடமே கிடையாதா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்ஃப்ரட் வெக்னர் 1912-ல் சொன்னபோது நிலவியல்காரர்கள் பலர் சிரித்தார்கள். 1930-ல் அவர் கிரீன்லாந்துப் பனியில் செத்தே போனார். கடலடித் தரையை அளந்து, பாறைகளின் காந்தப் பதிவுகளைப் பார்த்து, 1960-களில்தான் ஏற்றுக்கொண்டார்கள், பாடப் புத்தகத்துக்கு அதற்கு அப்புறம்தான் வந்தது. ஆய்வு, சண்டை, மறு ஆய்வு என்று ஒரு கருத்து எல்லாப் படியும் ஏறி, கடைசியாக வந்து நிற்கிற இடம் பள்ளிக்கூடம். இன்டெலிஜென்ட் டிசைன்காரர்கள் அந்தப் படிகளில் ஏறவில்லை, நேராகப் பதினாலு வயசுப் பிள்ளைகளிடம் வந்துவிட்டார்கள். ஆய்வாளர்களைச் சம்மதிக்க வைக்க முடியாத விஷயத்தை ஒன்பதாம் வகுப்பு முடிவு பண்ணட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இது கடவுளுக்கும் அறிவியலுக்கும் நடக்கும் சண்டை என்றும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். டோவரில் பெற்றோர் தரப்பின் முக்கியமான அறிவியல் சாட்சி கென்னத் மில்லர், அந்தப் பள்ளியின் பயாலஜி பாடப் புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர், கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கர். எந்த மதம் எப்படிப் படைப்பைச் சொல்கிறது என்று வரலாற்று வகுப்பில் தாராளமாகப் பேசட்டும், நானே ஆசையாகக் கேட்பேன். பயாலஜி பீரியடில் வேண்டாம், அவ்வளவுதான்.

முடிந்த கதைதானே என்று நினைத்தால், 2024 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியா கவர்னர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உயிரும் பிரபஞ்சமும் எப்படி வந்தன என்பது பற்றிய 'அறிவியல் கோட்பாடுகள்' குறித்து மாணவர் கேட்டால் ஆசிரியர் பேசுவதை யாரும் தடுக்கக் கூடாதாம். மசோதாவில் முதலில் இருந்த இன்டெலிஜென்ட் டிசைன் என்ற பெயரைக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். டோவரில் கேள்வியே கேட்கக் கூடாது என்றார்கள், இங்கே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சட்டமே என்கிறார்கள். எது அறிவியல் கோட்பாடு என்று அந்தச் சட்டம் எங்குமே சொல்லவில்லை, அடுத்த வழக்கு அதை வைத்துத்தான் வரும் என்பது என் கணக்கு.