‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

நேற்றிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கு நாலா பக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பையன் பொதுவில் எழுதிய பதிவு அது. ‘ரன்னிங் ஃபார் ஆஃபீஸ்’ என்றால் தேர்தலில் போட்டியிடுவது. அதை ‘அலுவலகத்துக்கு ஓடுகிறார்’ என்று மொழிபெயர்த்துவிட்டான் அந்தப் பையன். கீழே இருந்த கருத்துகளை முழுவதும் படித்தேன். எந்தப் பள்ளியில் படித்தான் என்பதில் தொடங்கி அவன் வீட்டார் வரைக்கும் போயிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அவன் எழுதியது தவறு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது முட்டாள்தனம் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அவன் தடுக்கி விழுந்த சொல் எது என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக ‘ரன்’ என்ற ஒரு சொல்லைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். 2011-இல் இது செய்தியாகவே வந்தது. அதற்கு முன்பு, 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. சொற்களோடே வாழ்கிற ஒருவருக்கு ஒன்பது மாதம் வேலை வைத்த சொல்லில், ஒரு பையன் ஒரு பொருளைத் தவறவிட்டதற்கா இத்தனை கூத்து?

மூக்கு ஒழுகினாலும் ‘ரன்’. துணியில் சாயம் போனாலும் ‘ரன்’. எந்திரம் இயங்குவது, கடை நடத்துவது, ஒப்பந்தம் ஐந்து வருடம் செல்லுபடியாவது, ஒரு நோய் பரம்பரையாக வருவது எல்லாமே ‘ரன்’. பணம் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் வங்கியில் குவிந்தால் அதற்கும் அதே சொல். நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தால் ‘ரன் இன்டு’, அவர்மேல் வண்டியை ஏற்றினால் ‘ரன் ஓவர்’. பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல் மாறினால் ஆளே காலி! தேர்தல் விஷயத்துக்கு வந்தால், தமிழில் வேட்பாளர் நிற்கிறார். பிரிட்டனிலும் வழக்கமாக நிற்கத்தான் செய்கிறார். அமெரிக்காவில்தான் ஓடுகிறார். போதாததற்கு அந்த ‘ஆஃபீஸ்’ வேறு, அங்கே அலுவலகம் இல்லை, பதவி. ஒரே தொடரில் இரண்டு பொறி.

என் அக்கா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்வழியில் படித்தவள், கணக்கில் புலி. வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த அலுவலகத்தில் ‘ரன் த ரிப்போர்ட்’ என்றால் மென்பொருளில் அறிக்கையை எடு என்று அர்த்தம். தினமும் கேட்கிற பேச்சு. ஒருநாள் மேலதிகாரி ‘ரன் த ரிப்போர்ட் பை மீ’ என்று எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டு என்று பொருள். அக்கா அறிக்கையை எடுத்தாள், சரிபார்த்தாள், நேராக அனுப்பிவிட்டாள். அறிக்கையில் ஒரு பிழை கிடையாது. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை ஒரு நகைச்சுவையாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் கண்டுபிடித்த கணக்குப் பிழைகளை வேறு யாரோ எழுந்து சொல்வார்கள், இவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

சரி, இதற்கும் பதில் வரும். “பொதுவில் எழுதுகிறவன் அகராதியைப் பார்த்திருக்க வேண்டாமா?” பார்த்திருக்கலாம். ஆனால் 645 பொருளில் எது தன்னுடையது என்று அகராதி கையைப் பிடித்துச் சொல்லாது. அந்தத் தொடரை முன்பே நாலு இடத்தில் கேட்டிருந்தால்தான் பிடிபடும். சிரித்தவர்களில் பலருக்கு அது சிறுவயதிலேயே காதில் விழுந்திருக்கும். அது திறமை இல்லை, வாய்ப்பு.

இன்னொரு கூட்டம் எனக்கு ஆதரவாக வருவதாக நினைத்துக்கொண்டு, “ஆங்கிலம் ஏழை மொழி, அதனால்தான் ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறார்கள், தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு” என்கிறது. தயவுசெய்து வேண்டாம். நம் ‘ஓடு’ மட்டும் என்னவாம்? ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடிவிட்டது. கவலை வந்தால் ‘எனக்கு ஒன்றும் ஓடவில்லை’ என்கிறோம். கூரையிலும் ஓடு, ஆமை முதுகிலும் ஓடு, ‘அவனோடு’ என்பதிலும் ஓடு. தமிழ் படிக்க வரும் வெளியாள் ‘ஒன்றும் ஓடவில்லை’ என்பதைக் கேட்டு எது நின்றுபோனது என்று தேடினால், அவரை இப்படியா கிழிப்போம்? தமிழ் கற்க இவ்வளவு ஆசையா என்று பாராட்டி, பொறுமையாக விளக்குவோம். வெளியாளுக்குக் காட்டும் அந்தப் பொறுமை நம் வீட்டுப் பையனுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? எனக்கு வலிப்பது இதுதான்.

“அப்படியானால் தவறைத் திருத்தவே கூடாதா?” திருத்துங்கள். ‘தம்பி, இங்கே அதற்குத் தேர்தலில் போட்டியிடுகிறார் என்று பொருள்’ என்று ஒரு வரி, உள்பெட்டியில். அந்தப் பதிவின் கீழே இருந்த அத்தனை கருத்துகளிலும் தேடினேன். சரியான மொழிபெயர்ப்பை அவனுக்கு ஒருவர்கூட எழுதவில்லை.