முள்சீத்தா இலை கீமோவுக்கு மாற்றா? இல்லை

"முள்சீத்தா (டுரியான் பெலாண்டா) இலைக் கஷாயம் கீமோவைவிட 10,000 மடங்கு வலிமை, மருத்துவமனைகள் மறைக்கின்றன" என்ற செய்தி மீண்டும் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வருகிறது. இது தவறு.

அந்த எண் 1996-இல் வெளியான ஆய்வக முடிவிலிருந்து வந்தது. மரத்தின் விதையிலிருந்து பிரித்த ஒரு சேர்மத்தைத் தட்டில் வளர்த்த குடல் புற்றுநோய் செல்கள்மீது இட்டு, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டார்கள். நோயாளி எவரும் அதில் இல்லை. இலைக் கஷாயமும் இல்லை. தட்டில் செல்லைக் கொல்வது பெரிய காரியமல்ல, பிளீச்சும் கொல்லும். மனிதர்களிடம் இது புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நம்பகமான சான்று கிடையாது.

ஆபத்தும் உண்டு. முள்சீத்தாவிலுள்ள அனோனாசின் என்ற சேர்மம் நரம்பு செல்களைப் பாதிக்கக்கூடியது. கரீபியனிலுள்ள குவாடலூப் தீவில் முள்சீத்தாவை அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் (நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் நரம்பு நோய்) போன்ற பாதிப்பு பதிவாகியுள்ளது. ரத்த அழுத்த, நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு அழுத்தமும் சர்க்கரையும் மிகவும் இறங்கலாம். ஏற்கெனவே குடித்து வந்தால், எவ்வளவு, எத்தனை நாள் என்று புற்றுநோய் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். கீமோவை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரிபார்க்க: ஹெல்த்ஹப் (சிங்கப்பூர் அரசின் உடல்நலத் தளம்), சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையம், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் ஆகியவற்றின் இணையத்தளங்கள். முள்சீத்தா பற்றிக் குறிப்பாக, பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே தளத்தில் தனிப் பக்கமே இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.