நாள் கிழமை பார்த்துக் கடலுக்கு வாருங்கள்

விடுமுறை நெருங்கினாலே சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "உங்க ஊர்ப் பக்கம் பீச் ட்ரிப் வரோம். எங்க தங்க, எங்க சாப்பிட, என்ன பார்க்க?" கேள்வியோடு ஒரு திட்டமும் தயாராக இருக்கும். அதிகாலை திருச்செந்தூரில் தரிசனம், பத்து மணிக்கு மணப்பாடு, மதியம் உவரி, சாயங்காலம் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். நடுவில் செம்மணல் மேடான தேரிக்காட்டையும் 'கவர்' பண்ண வேண்டுமாம். அதுவும் சனி, ஞாயிறில்.

இந்தத் திட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காரிலேயே உட்கார்ந்து பொழுதைக் கழிக்க இவ்வளவு தூரம் எதற்கு வர வேண்டும்?

தூத்துக்குடி 1986-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் தொடங்கி குமரி எல்லையில் இருக்கும் கூட்டப்புளி வரைக்கும் எங்களுக்கு ஒரே திருநெல்வேலிச் சீமைதான். இந்தக் கரையில் கோவா மாதிரி வரிசையாக ரிசார்ட் கிடையாது. மணலில் நாற்காலி போட்டு மெனு கார்டு நீட்ட ஆள் வர மாட்டார்கள். மீன்பிடிக்கிற ஊர்களும், அந்தந்த ஊருக்கு ஒரு தேவாலயமும், நடுவில் ஒரு முருகன் கோவிலும், பழைய பள்ளிவாசல்கள் உள்ள ஒரு பட்டணமும், பின்னால் பனங்காடும்தான் இருக்கின்றன. இங்கே எங்கே போகலாம் என்று கேட்பதற்கு முன்னால், எப்போது போகலாம் என்று கேட்க வேண்டும்.

முதலில் கிழமை. கடலோரத்தில் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். திங்கள் காலையில் மீன் தேடிப் போன என்னிடம் ஒரு அக்கா சொன்னது: "நேத்து ஞாயித்துக்கெழமல்லா தம்பி, மீன் எங்கருந்து வரும்?" ஆனால் வெளியூர்க் கூட்டம் முழுவதும் ஞாயிறு மதியம்தான் வந்து இறங்குகிறது. "இப்ப பிடிச்ச மீனா?" என்று ஓட்டலில் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், வேறு என்ன சொல்வார்கள்? மீனுக்காக வருகிறீர்கள் என்றால் செவ்வாயிலிருந்து வெள்ளிக்குள் வாருங்கள். காலையில் கரையில் ஏலம் நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். வள்ளம் இழுக்கிற வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் போய்வரும். பள்ளி விடுமுறையும் சரியாக அந்தச் சமயத்தில்தான் வருகிறது. குடும்பத்தோடு வந்து "என்னய்யா, சீலா மீன் இந்த விலை சொல்றான்" என்று புலம்புவார்கள். அந்த மாதங்களில் மீனை மறந்துவிட்டுப் பனைக்காக வாருங்கள் என்பேன். உடன்குடி, திருச்செந்தூர் சாலையோரங்களில் நுங்கும் பதநீரும் கிடைக்கிற காலம் அது. ஓலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, அதில் மாங்காயோ நுங்கோ போட்டுத் தருவார்கள். காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அது வேறு சரக்காகிவிடும். மார்கழி, தை என்றால் பனங்கிழங்கு.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொன்றும் உண்டு. காற்றோ மழையோ எதுவும் இல்லாமலே கடல் திடீரென்று எகிறும் 'கள்ளக்கடல்'. எச்சரிக்கை வந்த நாளில் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம். 2024 மே மாதம் குமரிக் கடலில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் இறந்துபோனார்கள். ஆனி, ஆடியில் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஐப்பசிக்கு மேல் மழைக்காலம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். என் கணக்குக்கு, தை பிறந்ததிலிருந்து பங்குனி பாதி வரைதான் நல்ல காலம்.

சரி, எங்கே தங்குவது? வாரநாள் என்றால் திருச்செந்தூர். எல்லாத் திசைக்கும் பஸ் இருக்கிறது. விடியும் முன்னே காபி கிடைக்கும். கோவில் பக்கம் எப்போதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் குடும்பத்தோடு பயமில்லாமல் தங்கலாம். தேவஸ்தான விடுதி, அரசின் தமிழ்நாடு ஓட்டல், தனியார் லாட்ஜ்கள் என்று எல்லாமே உண்டு. ஆனால் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம், பௌர்ணமி, முகூர்த்த நாள், தொடர் விடுமுறை இவற்றில் எதிலாவது மாட்டினால் அறையும் கிடைக்காது, நிம்மதியும் கிடைக்காது. முன்பணம் வாங்கிக்கொண்டு, போய் நின்றதும் "இன்னைக்கு விசேஷம் சார்" என்று வாடகையை ஏற்றிய ஒரு விடுதியில் நான் சண்டை போட்டிருக்கிறேன். சாவி கைக்கு வரும்போது ஏற்றிய வாடகையைத்தான் கட்டியிருந்தேன்.

குளிர்சாதன வசதியும் நல்ல குளியலறையும் முக்கியம் என்றால் தூத்துக்குடியில் தங்குங்கள். நாற்பது கிலோமீட்டர்தான். மணப்பாட்டில் வாடகைக்கு விடும் வீடுகள் சில இருக்கின்றன. அலைச்சத்தத்தோடு தூங்க அதுதான் இடம். சாப்பாட்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பிரியாணி கேட்டால் கிடைக்காது. பாட்டில் திறந்து ஸ்பீக்கர் வைக்கலாம் என்ற எண்ணமிருந்தால் தயவுசெய்து அங்கே போக வேண்டாம். காலையில் கடலுக்குப் போக வேண்டியவர்கள் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மணப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணற்பாறைக் குன்று. மேலே 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். கீழே கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம் அது. குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், மறுபக்கம் கருமேனியாறு வந்து தேங்குகிற கழிமுகம் சத்தமில்லாமல் கிடக்கும். அலைச்சறுக்கு விளையாட வருகிற இளைஞர்களையும் இப்போது பார்க்க முடிகிறது. ஊருக்குள் நடந்தால் பழைய காலத்துப் பெரிய வீடுகள். மூன்று மணிக்கு வந்து, வெயில் தாழ்ந்தபின் குன்றில் ஏறி, அந்தியில் ஊருக்குள் நடந்து, அங்கேயே தூங்கி, காலையில் வள்ளங்கள் கரையேறுவதைப் பார்த்தால்தான் மணப்பாட்டைப் பார்த்ததாகச் சொல்வேன். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 14 வரை திருவிழா. அப்போது ஊரே மாறிவிடும். கூட்டம் பிடிக்கும் என்றால் வரலாம்.

குளிக்க இறங்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த இடத்தில் இழுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது.

தேரிக்காட்டுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல் மேடுகள், அங்கங்கே பனையும் முந்திரியும். மத்தியானம் செருப்பைக் கழற்றினால் கால் வெந்துவிடும். குதிரைமொழித் தேரிக்குள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. அந்தச் செம்மண் காட்டுக்குள் ஒரு சுனை! அதன் ஓரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். டிரோன், ஜீப், கல்யாண போட்டோ ஷூட் என்று இறங்குகிறவர்கள் அது சாமி காடு என்பதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருகிறவர்கள் அதற்கென்றே தனியாக வர வேண்டும். காளி, குறத்தி, குரங்கு, போலீஸ் என்று வேடம் கட்டிய கூட்டம், பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். பீச் ட்ரிப்போடு அதைச் சேர்த்துக்கொள்ளவே முடியாது. மற்ற நாளில் அமைதியான ஊர். இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டிவிட்டார்கள். அந்தக் கரை இதே மாதிரி எத்தனை நாள் இருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. வேலை வரும், ரோடு வரும் என்று சந்தோஷப்படுகிறவர்களும் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

உவரியில் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலைப் படம் பிடிக்க எல்லோரும் ஓடுகிறார்கள். பக்கத்திலேயே சுயம்புலிங்க சுவாமி கோவில். நேர்த்திக்கடனுக்காகக் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டுகிறவர்களை அங்கே பார்க்கலாம். எனக்கு அதுதான் உவரி. கூடங்குளம் பக்கம் அணுமின் நிலையத்தையொட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள், வீண் வம்பு.

திருச்செந்தூரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒன்று. கடலில் குளித்துவிட்டுக் கோவில் பக்கத்து நாழிக்கிணற்றில் குளிப்பதுதான் முறை. கடலை ஒட்டியே இருந்தும் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காது. அப்புறம் பன்னீர் இலையில் விபூதி வாங்காமல் திரும்ப வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் தெரியும். அதில் ஏறி வழுக்கி விழுகிறவர்கள் உண்டு. உடை மாற்றுகிற இடமும் கழிப்பறையும் இத்தனை கூட்டத்துக்குக் காணாது. பெண்களை அழைத்து வருகிறவர்கள் அறை எடுத்துவிட்டுக் கடலுக்குப் போவதே நல்லது. இந்தக் கரை முழுவதும் இதே கதைதான். இதை எத்தனை பேர் எழுதினாலும் யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். கோவிலைச் சுற்றிச் சைவ ஓட்டல்கள்தான் அதிகம். காலையில் இட்லி, பூரி என்று முடித்துக்கொள்ளுங்கள். மீனுக்கு வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம் பக்கம் நகருங்கள். போர்டு பார்த்து நுழையாமல், பன்னிரண்டரை மணிக்கு ஆட்டோக்காரர்கள் சாப்பிடுகிற கடை எது என்று பாருங்கள். விலைமீனோ ஊளியோ பாறையோ, அன்றைக்கு எது வந்ததோ அதைக் கேளுங்கள். தேங்காய் அரைத்த குழம்பில் சாளை கிடைத்தால் விலை உயர்ந்த மீனைத் தேட வேண்டியதே இல்லை. சாளை முள்ளுக்குப் பயந்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டு ஓட்டல் ஓட்டலாகத் தேடுகிறார்கள். அது கல்யாண வீட்டுச் சாப்பாடு. கறியும், கத்தரிக்காய் போட்ட பருப்பும், ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கமுமாக இருக்கும். நண்பர் யாராவது அழைத்தால் வேலையைப் போட்டுவிட்டுப் போங்கள். மற்றபடி அந்த ஊர்த் தெருக்களில் பெண்கள் நடக்கிற சந்துகளில் கேமராவோடு நுழையாமல் இருப்பது மரியாதை.

தூத்துக்குடி என்றால் பொழுது சாய்ந்தபின் புரோட்டா, சால்னா. பகலில் மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும்தான், வாயில் போட்டால் கரையும். காற்றுப் புகாத டப்பாவில் வாங்குங்கள், இல்லையென்றால் சென்னை போய்ச் சேர்வதற்குள் நமுத்துவிடும்.

கருப்பட்டியைக் கோவில் வாசலில் வாங்காதீர்கள். சீனி கலப்படம் அதிகம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரைப் போட்டு விற்பதும் அதிகம். உடன்குடிக்கே போய், பனையேறுகிற குடும்பத்திடம் நேராக வாங்கினால் நல்லது. விலை கூடத்தான் இருக்கும். பனையேற ஆள் இல்லாத காலத்தில் குறைந்த விலைக்கு நல்ல கருப்பட்டி எங்கிருந்து வரும்?

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்குப் பாசஞ்சர் வண்டியில் வாருங்கள். அறுபது கிலோமீட்டர் சொச்சம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வரை நெல்லும் வாழையும், நாசரேத், குரும்பூர் தாண்டினால் பனை, ஆறுமுகநேரி வந்தால் உப்பளம்.

திரும்பும்போது மட்டும் ரயிலை விட்டுவிட்டு, சாலையில் சாத்தான்குளம் வழியாகப் போங்கள். பக்கத்தில் முதலூர். அங்கே கிடைக்கிற மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் கிண்டுவது, கையில் நெய் ஒட்டாது, திகட்டாது. நெல்லையில் பிறந்துவிட்டு இதை எழுதியதற்கு டவுன் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனாலும் சொல்கிறேன், இருட்டுக்கடை வரிசையில் நிற்கிற நேரத்தில் முதலூர் போய் அரைக்கிலோ வாங்கிவிட்டு வந்துவிடலாம். சண்டைக்கு வருகிறவர்கள் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.