மைக்கைக் கொடுக்கத் தெரிந்தவர்கள்

பதிவு செய்த பின்னணி இசையோடு வந்தவர்கள் பாடும் கரோக்கே மாலைகளுக்குச் சென்னையில் வரும் அழைப்புகளில் இப்போதெல்லாம் நிகழ்ச்சியை நடத்துபவரின் அனுபவத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். இத்தனை ஆண்டு மேடை அனுபவம், இத்தனை நூறு நிகழ்ச்சிகள் என்று. இன்னொரு பக்கம், நடத்துகிறவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றவர்களாகவே இருக்கிறார்கள், இளைஞர்கள் கையில் கொடுத்தால்தான் களைகட்டும் என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. வயதும் வருடக் கணக்கும் இங்கே எதையும் சொல்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கரோக்கே நடத்துபவரிடம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தான் பாட வேண்டும் என்ற ஆசை அவருக்குள் அடங்கிவிட்டதா?

கணக்கு எளிமையானது. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு மண்டபத்தைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 36 பாடல்கள். வந்திருப்பவர்கள் முப்பது பேர். நடத்துபவர் இடையிடையே ஆறு பாடல்களைத் தானே பாடிவிட்டால் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்றுதான் மிஞ்சும். கொஞ்சம் தாமதமானாலும் கடைசியில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வந்த ஒரு அம்மா, வாரம் முழுவதும் சமையலறையில் பாடிப் பழகிய ஒரே பாட்டுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, "நேரமாகிவிட்டது, அடுத்த முறை பாருங்கள்" என்ற பதிலோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாலையை நடத்தியவர் அனுபவசாலிதான். நன்றாகவும் பாடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு பாட வந்தவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. கல்லூரிக் காலத்தோடு பாட்டை மூட்டை கட்டி வைத்தவர்கள் அவர்கள். வங்கி, தொலைபேசித் துறை, பள்ளிக்கூடம் என்று முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2020 ஊரடங்கின்போது ஸ்மியூல் செயலியில் தயங்கித் தயங்கிப் பாடத் தொடங்கி, பிறகு மேடைக்கு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அந்தப் பசி நியாயமானது. அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடட்டும். ஆனால் பசியோடு இருக்கிறவரைப் பந்தி பரிமாற விடக் கூடாது. அவர் வயிறு நிறையச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

நான் பார்த்தவரையில் இந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறவர்கள் பழைய மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர்கள். கோயில் திருவிழா, திருமண வரவேற்பு என்று ஊர் ஊராகச் சுற்றிய கீபோர்டு, தபலா, ரிதம் பேட் கலைஞர்கள். பதிவு செய்த பின்னணி இசையான ட்ராக் வந்த பிறகு பத்துப் பேர் கொண்ட குழுவுக்குக் கூலி கொடுப்பானேன் என்று விழாக்காரர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். இவர்களுடைய பிழைப்பு பாதியாகச் சுருங்கியது. அவர்களில் சிலர்தான் இன்று லேப்டாப்பும் ஒலியைக் கலக்கும் மிக்ஸரும் வைத்துக்கொண்டு கரோக்கே நடத்துகிறார்கள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் மாதந்தோறும் நடத்தும் கீபோர்டு கலைஞர் ஒருவர் ஐம்பதுகளின் கடைசியில் இருக்கிறார். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே நான் போவதுண்டு. புதிதாக வந்தவரைப் பெயர் எழுதும்போதே இரண்டு வார்த்தை பேசவைத்து, குரல் எங்கே நிற்கிறது என்று காதால் அளந்துவிடுவார். டி.எம்.எஸ். பாடல் கேட்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்குச் சொல்லாமலேயே ட்ராக்கின் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி வைப்பார். முதல்முறை மேடை ஏறும் ஆணுக்குப் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடல் ஒன்றைப் பரிந்துரைப்பார். கீழ்ஸ்தாயியில் மெதுவாகப் போகும், மூச்சுக்கு இடம் இருக்கும். இடையிசை முடிந்து சரணத்தை எடுக்கத் தெரியாமல் விழிப்பவருக்கு ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். தவறிப்போனால் ட்ராக்கைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்து மறுபடியும் அந்த இடத்திலிருந்து விடுவார். "ஒலிபெருக்கியில் சிறு கோளாறு" என்று பழியைத் தன் கருவியின் மேல் போட்டுக்கொள்வார். தூரத்திலிருந்து வந்த பெண்களின் பெயர்கள் பட்டியலில் எப்போதும் ஏழரைக்கு முன்னால் இருக்கும். அவர் பாடி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபே நகரத்து டைசுகே இனோவேதான் நினைவுக்கு வருகிறார். 1971இல் கரோக்கே கருவியை உருவாக்கியபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயதுதான். பாடகர் அல்லர், மது விடுதிகளில் வாடிக்கையாளர்கள் பாடும்போது பின்னால் வாசித்தவர். தாளம் தப்பிப் பாடுகிறவருக்கு ஏற்ப வளைந்து கொடுத்து வாசிப்பதுதான் அவருடைய தொழில். ஒரு நிறுவன முதலாளி வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகிறேன், உடன் வந்து வாசி என்றார். போக முடியாததால் அவருடைய சுருதிக்கும் வேகத்துக்கும் பொருந்தும்படி வாசித்துப் பதிவு செய்த நாடாவை அனுப்பிவைத்தார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் காசு போட்டால் இயங்கும் பெட்டி. முதலில் பதினொன்று செய்து கோபே விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை.

அவருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1967இல், டோக்கியோவில் ஷிகெயிச்சி நெகிஷி என்ற தொழிற்சாலை முதலாளி இதுபோன்ற ஒரு பெட்டியைச் செய்திருந்தார். அவருக்குப் பாடுவதில் ஆசை. தன் பாட்டை ஊழியர் ஒருவர் கேலி செய்ததும், பின்னணி இசையோடு பாடினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அவரையும் வணங்குகிறேன். நூறு வயது வரை வாழ்ந்து 2024இல் மறைந்தார். ஒருவர் தான் பாடுவதற்காகச் செய்தார், மற்றவர் பிறர் பாடுவதற்காகச் செய்தார். கரோக்கே மாலையை நடத்த வருகிறவர் பிறருக்காகச் செய்த இனோவேயின் வழியில் வர வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

ஜப்பானின் சிறிய 'ஸ்நாக்' மது விடுதிகளில் இந்த வழி இன்னும் உயிரோடு இருக்கிறது. விடுதியை நடத்தும் பெண்மணியை 'மாமா' என்று அழைக்கிறார்கள். அங்கே அதற்கு அம்மா என்று பொருள். அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைய. எந்த வாடிக்கையாளர் எந்தப் பாட்டைப் பாடுவார் என்று தெரிந்து வைத்திருப்பதும், தனியாக உட்கார்ந்திருப்பவரைப் பாடவைப்பதும் அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி.

அப்படியானால் மூத்தவர்கள்தான் சரியா? அப்படியும் இல்லை. எங்கள் கரோக்கே குழுவில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். ஒலி அமைப்பாளரான தந்தையோடு பள்ளி நாட்களிலிருந்தே நிகழ்ச்சிகளுக்குப் போய் ஒயர் சுற்றியவர். பாடுகிறவரின் கை மைக்கை எப்போது இறக்கும் என்று முன்கூட்டியே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. திரையில் வரிகள் சிறிதாகத் தெரிந்தால் பெரியவர்கள் தடுமாறுகிறார்கள் என்று, தானே இரவில் உட்கார்ந்து பெரிய எழுத்தில் வரிகளைத் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொண்டுவருகிறார். இருபது ஆண்டு அனுபவம் என்று அழைப்பில் போட்டுக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்?

எங்கள் குழுவுக்கு அடுத்த மாதம் புதிய ஒருங்கிணைப்பாளர் தேர்வு. அந்தப் பெண்ணின் பெயரை நான் முன்மொழிகிறேன். வயது போதாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்கமாட்டார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். கேட்பார்கள், கேட்கவைக்க வேண்டியது நம் பொறுப்பு. கூடவே ஒரு விதியையும் கேட்கிறேன். யார் நடத்தினாலும் அன்று அவருக்கு ஒரே பாட்டு, அதுவும் பட்டியலில் உள்ள எல்லாரும் பாடி முடித்த பிறகு. மேற்கு மாம்பலத்துக் கீபோர்டு கலைஞரிடம் பேசினேன். முதல் சில மாதங்களுக்கு மிக்ஸர் அருகில் வந்து உட்கார்ந்து, எந்தக் குரலுக்கு எத்தனை கட்டை என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார்.