எண்ணூர் கழிமுகத்தை ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு

சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே அளந்து பிஎச்டி முடிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. காய்ந்த சாம்பலும், உப்புப் பூத்த சேறும், வெறும் மணலும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பாகத்தான் தெரியும். களத்தில் இறங்கி மாதிரி எடுக்காமல் பிரிக்கவே முடியாது. படமெடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 இந்தப் பக்கம் கடப்பது காலை பத்தரையை ஒட்டி; அதே நாளில் மாதிரி எடுங்கள். கையடக்க ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். அதனால் குறைந்தது 30க்கு 30 மீட்டர் ஒரே சீராக இருக்கும் திட்டாகப் பார்த்து, நடுவில் நின்று குறியுங்கள். ஓதமா (கடல்நீர் ஏறிய நேரமா) வற்றமா (இறங்கிய நேரமா) என்றும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் வற்றத்தில் வெளியே தெரியும் சேற்றைப் புதிய படிவு என்று எண்ணிவிடுவோம்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படத்தின் ஒவ்வொரு புள்ளியின் எண்ணிலும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. படத்தோடு வரும் விவரக் கோப்பை (மெட்டாடேட்டா) பார்த்து அதைக் கழித்த பிறகுதான் 10,000ஆல் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் நீர்ப் பரப்பைப் பிரித்துக் காட்டும் நீர்க் குறியீட்டின் பகுதி (பின்னத்தின் கீழ் எண்) பெருத்து, மதிப்பு சுழியத்தை நோக்கிச் சுருங்கும். கழிமுகமே மாறிவிட்டதாக வரைபடம் பொய் சொல்லும்.

வடகிழக்குப் பருவமழையில் மேகம் விடாது. வெள்ளப் பரப்புக்கு மேகத்தையும் ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் போதும். எண்ணெய்க் கசிவுக்கு அதைக் கழிமுகத்துக்குள் நம்ப வேண்டாம்: காற்று ஓய்ந்த நீரும் எண்ணெய் போலக் கறுப்பாகத்தான் தெரியும்.